வெறும் அறையின் சத்தம்

ஜூலை 2

பிரிசில்லா ஒரு நோட்டுப் போடச் சொல்லியிருக்கிறாள். எந்தத் தேதியில், எந்த அறையில், எந்த மைக்கில் பதிவு செய்தோம், பின்னால் என்ன சத்தம் இருந்தது என்று எழுதி வைக்க வேண்டுமாம். திருவனந்தபுரத்து ஆஸ்பத்திரியில் பேச்சுப் பயிற்சி கொடுக்கிறவள் அவள். மார்த்தாண்டத்துப் பிள்ளை, சின்ன வயசு, நல்ல சிரித்த முகம். அந்த முகத்தை வைத்துக்கொண்டுதான் சொன்னாள், ஜூலை 30-க்குப் பிறகு என் வீட்டுக்காரரால் பேச முடியாது என்று. தொண்டையில் புற்று, குரல்வளையை முழுசாக எடுத்துவிடுகிறார்கள்.

அதற்குள் இவர் பேச்சைச் சுத்தமாகப் பதிவு செய்து கொடுத்தால், அதை வைத்து ஒரு கம்பெனிக்காரர்கள் குரல் செய்து தருவார்களாம். போனில் எழுதினால் இவர் குரலில் அது பேசும். “எவ்வளவு கிளியரா இருக்கோ அவ்வளவு நல்லா வரும் அக்கா. ஃபேன் சத்தம், குக்கர் சத்தம், வேற ஆள் பேச்சு, எதுவும் கலக்கக் கூடாது. தொண்டை கரகரப்பு இருந்தா பரவாயில்ல, அது அவங்க குரல்தான்” என்றாள்.

கலக்கக் கூடாதாம். வீட்டுக்கு இடது பக்கம் சொர்ணம் அக்காவின் மாவுக்கடை. விடிந்ததிலிருந்து கிரைண்டர். வலது பக்கம் அம்மன் கோயில். ஆடி பிறந்தால் கொடைத் திருவிழா, ரேடியோ செட்டு. எதிரே பஸ் போகிற ரோடு. பாளையங்கோட்டையில் இதைவிட அமைதியான வீடு பார்த்துக் குடியேற எனக்கு இருபது வருசத்துக்கு முன்னாலேயே யாரும் சொல்லவில்லை.

ஆனாலும் செய்துவிடுவேன். மைதீன் அண்ணன் ஸ்டுடியோவில் கல்யாண வீடியோ எடிட் செய்கிறவள் நான். தாலி கட்டுகிற நேரத்தில் மாமனார் தும்மியதைக் கெட்டிமேளத்துக்கு நடுவிலிருந்து பிடுங்கி எறிந்திருக்கிறேன். இது என்ன பெரிய காரியம்?

ஜூலை 3

பிரிசில்லா கொடுத்த தாள்களைக் கொடுத்து வாசிக்கச் சொன்னேன். எல்லாம் தனித்தனி வாக்கியங்கள். மழை பெய்கிறது. மணி அடித்தது. தம்பி தோட்டத்துக்குச் சென்றான். நாலு வாக்கியம் வாசித்தார். தாளைக் கீழே வைத்தார்.

“ஏட்டி, நான் என்ன ஒண்ணாங்கிளாஸா? இந்தத் தம்பி தோட்டத்துக்குப் போயி என்னத்தப் புடுங்குனான்னு சொன்னா வாசிக்கேன்.”

“சும்மா வாசிங்க. கதையா கேக்காவ?”

“கதைன்னாத்தான் எனக்கு வாயி வரும்.”

வீம்பு. சரி, கதையே சொல்லட்டும். எங்களுக்கு ஒரு பாட்காஸ்ட் இருந்தது, ‘கோட்டிக்காரன் கதை’ என்று பெயர், பைத்தியக்காரன் கதை. மனுசனுக்குப் பஸ் ஸ்டாண்டு பார்சல் ஆபீஸில் வேலை, அங்கே கண்டதும் கேட்டதுமாக அளப்பார், நான் போனில் பதிவு செய்து ஏற்றுவேன். சொந்தக்காரர்களும் முகம் தெரியாதவர்கள் கொஞ்சம் பேரும் கேட்டார்கள். போன வருசம் தொண்டை கட்டிக்கொண்டதும் நிறுத்தினோம். பார்சல் தூசி என்று நினைத்தோம். தூசிதான் என்று நான்தான் சொன்னேன்.

பழைய பதிவுகளைப் பிரிசில்லாவிடம் கொடுத்துப் பார்த்தாயிற்று. ஹாரனும் கிரைண்டரும் சேர்ந்த கூட்டாஞ்சோறு, ஒன்றுக்கும் ஆகாது என்றுவிட்டாள். புதிதாக ஆரம்பிக்கிறோம்.

ஜூலை 5

உள் அறை. ஜன்னலில் இரண்டு மெத்தை, கதவில் ஜமுக்காளம், மேஜை மேல் போர்வை. பீரோவைத் திறந்து வைத்து, தொங்குகிற சேலைகளைப் பார்த்து உட்கார்ந்து பேசச் சொன்னேன். துணி எதிரொலியை விழுங்கும். ஃபேன் கிடையாது. ஃப்ரிட்ஜ் பிளக்கைப் பிடுங்கினேன். மனுசன் பனியனோடு வேர்த்து ஊற்றிக்கொண்டு என் முகூர்த்தப் பட்டுக்குக் கதை சொன்னார்.

ஒவ்வொரு முறையும் பேச்சுக்கு முன்னால் கொஞ்ச நேரம் யாரும் பேசாமல் வெறும் அறையின் சத்தத்தை மட்டும் பதிய வேண்டும். அதைக் கம்ப்யூட்டருக்குக் காட்டி, ‘இதுதான் குப்பை, இதை மட்டும் கழி’ என்று சொன்னால் பேச்சிலிருந்து அந்த இரைச்சலைக் கழித்துத் தரும். அந்தக் கொஞ்ச நேரம் இவரால் வாயை மூடிக்கொண்டு இருக்க முடியாது.

“ஏட்டி, மூச்சு விடலாமா?”

“பேசாதீங்க!”

“பேசல. கேட்டேன்.”

மறுபடி முதலிலிருந்து எடுத்தேன். கதை நன்றாக வந்தது. ஆனால் நிமிசத்துக்கு ஒரு ‘ஏட்டி’. ‘ஏட்டி, அவன் என்ன செஞ்சான் தெரியுமா’, ‘ஏட்டி, நீ பாத்திருக்கியே அந்த ஆள’. எல்லாவற்றையும் வெட்டினேன். எங்கள் பாட்காஸ்ட் ஆரம்பித்த புதிதில் ஒரு மகராசி எழுதியிருந்தாள், பெண்டாட்டியை ஏட்டி என்று கூப்பிடுகிறவனிடம் என்ன நல்ல கதை இருக்கப் போகிறது என்று. அன்றைக்கே பழைய கதைகளையும் இறக்கி, எல்லா ‘ஏட்டி’யையும் வெட்டி, மறுபடி ஏற்றினேன். திருநெல்வேலிப் பேச்சு வெளியூர்க்காரர்களுக்கு என்ன தெரியும்? இவருக்கும் எனக்கும் கல்யாணமான நாளிலிருந்து என் பெயர் அதுதான். கோமதி என்பது ரேஷன் கார்டுக்கு.

“அத வெட்டிட்டா நான் யாருகிட்ட பேசுதேன்னு எப்படித் தெரியும்?” என்று கேட்டார்.

“தெரிய வேண்டாம். உங்க குரல்தான் வேணும்.”

ஜூலை 6

ஃப்ரிட்ஜ் பிளக்கைத் திருப்பி மாட்ட மறந்தேன். மாவு புளித்துப் பொங்கி வழிந்திருந்தது. தோசை ஊற்றினேன். அதையே சாப்பிட்டார்.

ஜூலை 9

மைக் சரியில்லை. ஒவ்வொரு சொல்லின் ஓரத்திலும் ஒரு கரகரப்பு. சேலையை மாற்றிப் பார்த்தேன், தூரத்தை மாற்றிப் பார்த்தேன், வயரை மாற்றினேன். ‘ழ’ வரும் இடத்தில் குரல் இரண்டாகப் பிரிகிறது. மட்டமான மைக்.

ஜூலை 10

ஸ்டுடியோவில் மைதீன் அண்ணனிடம் அவருடைய நல்ல மைக்கைக் கேட்டு வாங்கினேன். இதில் எடுத்ததையும் பழையதில் எடுத்ததையும் அவர் காதில் மாட்டிக் கேட்டார். ஹெட்போனைக் கழற்றி மேஜையில் வைத்துவிட்டு ரொம்ப நேரம் வயரைச் சுற்றிக்கொண்டிருந்தார்.

“மைக் ரெண்டும் நல்லாத்தாம்மா இருக்கு, கோமதி.”

அண்ணனுக்கு வயதாகிவிட்டது. காது முன்னைப் போல இல்லை.

ஜூலை 13

கரகரப்பை எடுக்க ஒரு வழி கண்டுபிடித்தேன். கழிப்பதை இரண்டு தடவை ஓட்டி, கூர்மையான சத்தத்தைக் கொஞ்சம் சீவினால் பளிங்கு மாதிரி இருக்கிறது. மூச்சு வாங்குவதையும் செருமலையும் கையாலேயே பொறுக்கி எடுத்தேன். இவரைக் கேட்கச் சொன்னேன்.

“யாருட்டி இது? நல்லாப் பேசுதான்” என்றார்.

முடித்த கதைகளின் அசலை அழித்தேன். டிஸ்க்கில் இடமில்லை. ஸ்டுடியோவில் அண்ணன் சொல்லிக் கொடுத்த முதல் பாடம் அதுதானே: முடிஞ்ச கல்யாணத்தக் கட்டிக்கிட்டு அழாத, அழிச்சிட்டு அடுத்தத எடு.

ஜூலை 18

இன்றைக்குத்தான் சாமி கண்ணைத் திறந்தது. மாதாந்திரப் பராமரிப்பு, காலையிலிருந்து மதியம் வரை கரண்ட் கிடையாது. பேப்பரில் போட்டிருந்ததைப் பார்த்ததிலிருந்து தீபாவளிக்குக் காத்திருக்கிற பிள்ளை மாதிரி இருந்தேன். ஊரெல்லாம் கரண்ட் போனால் புலம்புவார்கள். நான் கையெடுத்துக் கும்பிட்டேன்.

கிரைண்டர் இல்லை. டிவி இல்லை. வெல்டிங் கடை இல்லை. லேப்டாப் பேட்டரியில் ஓடியது. பாளையங்கோட்டைக்கே யாரோ போர்வை போர்த்தியது போல இருந்தது.

பெரிய கதையைச் சொன்னார். பார்சல் ஆபீஸுக்கு மாசா மாசம் ஒரு ஆள் வருவானாம். தன் பேருக்கே ஒரு பார்சல் போடுவானாம், கோவில்பட்டிக்கோ தென்காசிக்கோ. பிறகு அந்த ஊருக்கே பஸ் ஏறிப் போய் வரிசையில் நிற்பானாம். உள்ளே என்ன இருக்கிறது என்று இவர் கேட்டால் ‘ஒண்ணுமில்ல சார், பழைய பேப்பர்’ என்பானாம். கடைசியில் ஒரு நாள் சொன்னானாம்: கவுண்டரில் பேரைச் சத்தமாகக் கூப்பிடுவார்கள் அல்லவா, அதற்காக. அவனைப் பேர் சொல்லிக் கூப்பிட வேறு ஆள் கிடையாது.

“அப்புறம் ஒரு மாசம் அவன் வரல, ஏட்டி. நான் நினைச்சேன், செத்துட்டான் போலன்னு” என்று சொன்னார். அந்நேரம் பார்த்துச் சுவரில் பல்லி சத்தம் போட்டது.

இவர் சிரித்தார். “பல்லியும் ஒத்துக்கிடுது” என்றார்.

வெட்டும்போது பல்லிச் சத்தத்தை முதலில் வெட்டினேன். சத்தமில்லாத பதிவில் அது இரைச்சல்தானே. அந்த வாக்கியத்தையும் சேர்த்து வெட்டினேன். கதை ஒன்றும் கெட்டுப்போகவில்லை.

ஜூலை 22

கொடைக்குக் குழாய் ஸ்பீக்கர் கட்டிவிட்டார்கள். ஒன்றின் வாய் நேரே எங்கள் ஜன்னலைப் பார்த்து. பாவி போன இடம் பள்ளமும் திட்டும்.

கோயில் தர்மகர்த்தா உலகநாதனிடம் போய் நின்றேன். கொஞ்சம் குறைத்து வைக்கக் கூடாதா என்றேன்.

“ஏம்மா, அம்மனுக்குக் கொடை. வாயப் பொத்திக்கிட்டா நடத்தச் சொல்லுதிய? மூணே நாளு. பொறுத்துக்கிடுங்க.”

மூன்று நாள். என்னிடம் இருப்பதே அதற்கு மேல் கொஞ்சம்தான். எல்லார் முன்னாலும் சொல்லிவிட்டேன். தொண்டையை அறுக்கப் போகிறார்கள், அதற்கு முன்னால் இவர் குரலைப் பிடிக்க வேண்டும், உங்கள் அம்மனுக்குக் காது இருந்தால் அவளிடம் கேளுங்கள் என்று. சொல்லி முடிக்கும்போது கத்திக்கொண்டிருந்தேன் என்று நினைக்கிறேன்.

உலகநாதன் செட்டுக்காரரைக் கூப்பிட்டுக் குழாயைக் கழற்றச் சொன்னார். சாயங்காலம் சொர்ணம் அக்கா கிரைண்டரை நிறுத்திவிட்டு வந்தாள். அவள் பின்னாலேயே தெருப் பெண்கள் எல்லாரும். பானகம் கொண்டு வந்தார்கள். ஒவ்வொருத்தியாக இவரைப் பார்த்துக் கண்ணைத் துடைத்தார்கள்.

அவர்கள் போன பிறகு, “இதுக்குக் குழாயே நல்லாருந்திச்சி” என்றார் இவர்.

ஜூலை 27

தெரு அமைதியாக இருக்கிறது. இவரிடம் குரல் இல்லை.

காலையில் ஒரு கதை ஆரம்பித்தார். பாதியில் காற்று மட்டும் வந்தது. வெந்நீர் கொடுத்தேன், அதிமதுரம் கொடுத்தேன். இன்னொரு தடவை, இன்னும் ஒரே தடவை என்று உட்கார வைத்தேன். இருமினார். நான் ‘மைக்கை விட்டுத் தள்ளி இருமுங்க’ என்றேன். ஆமாம், அப்படித்தான் சொன்னேன்.

கைக்குட்டையில் கறை. சோப்புப் போட்டு அலசிக் காயப்போட்டேன். மைக்கைத் துடைத்துப் பெட்டியில் வைத்தேன்.

ஜூலை 30

ஆஸ்பத்திரி வராந்தாவில் எழுதுகிறேன். இவரை உள்ளே கொண்டுபோய்விட்டார்கள்.

மைக் பையில்தான் இருந்தது. வெளியே எடுக்கவில்லை. பிரிசில்லா கூட, ‘கடைசியா எதாவது சொல்லச் சொல்லி போன்ல எடுங்க அக்கா’ என்றாள். இவ்வளவு சத்தத்தில் என்னத்தை எடுக்க என்றேன். தள்ளுவண்டிச் சக்கரம் கிறீச்சிட்டது, மலையாளத்தில் அறிவிப்பு ஓடிக்கொண்டிருந்தது.

கதவுக்குப் பக்கத்தில் வைத்து என் கையைப் பிடித்தார். என்ன சொல்லப் போகிறாரோ என்று குனிந்தேன். காற்றோடு காற்றாகத்தான் வந்தது.

“ஏட்டி, வீட்ல கேஸ அமத்தினியா?”

அமத்தினேன் என்றேன். உண்மையில் ஞாபகம் இல்லை.

ஜூலை 31

நன்றாக முடிந்ததாம். எல்லோரும் நன்றாக முடிந்தது என்கிறார்கள்.

ஆகஸ்ட் 14

வீட்டுக்கு வந்து இரண்டு நாள் ஆகிறது. கேஸ் அமத்தித்தான் இருந்தது.

கழுத்தில் ஓட்டை. அதன் வழியாகத்தான் மூச்சு. சுத்தம் செய்யப் பழகிக்கொண்டேன். அருவருப்பெல்லாம் இல்லை. ஆனால் வீடு சுத்தமாகச் சத்தமில்லாமல் இருக்கிறது. ஒரு மாசமாக எந்த அமைதிக்கு நாயாய் அலைந்தேனோ, அது வந்து வீட்டில் சம்மணம் போட்டு உட்கார்ந்திருக்கிறது.

என்னைக் கூப்பிட டம்ளரைக் கரண்டியால் தட்டுகிறார். “நான் என்ன மாடா? தட்டித் தட்டிக் கூப்பிடுதீங்க?” என்று முதல் நாளே எரிந்து விழுந்தேன். அதிலிருந்து தட்டுவதில்லை. எழுந்து வந்து பின்னால் நிற்கிறார். நான் திரும்பும்போதுதான் இருப்பது தெரிகிறது. எவ்வளவு நேரமாக நின்றார் என்று தெரியாது.

எங்களுக்குப் பிள்ளை இல்லை. இந்த வீட்டில் என்னைக் கூப்பிட வேறு யாரும் கிடையாது.

ஆகஸ்ட் 26

குரல் வந்துவிட்டது. பிரிசில்லா போனில் ஏற்றி, எப்படி எழுத வேண்டும் என்று வீடியோவில் சொல்லிக் கொடுத்தாள். ரொம்ப நன்றாக வந்திருக்கிறது, இவ்வளவு சுத்தமான பதிவை அந்தக் கம்பெனிக்காரர்கள் பார்த்ததே இல்லையாம். எனக்குப் பாராட்டு.

இவர் ஒரு விரலால் எழுதி அமுக்கினார்.

“கோமதி, எனக்குத் தண்ணீர் வேண்டும்.”

குரல் இவருடையதுதான். மறுக்க முடியாது. கரகரப்பு இல்லை, இருமல் இல்லை, மூச்சு இல்லை. கல்யாணத்துக்கு முந்தி இவருக்கு இப்படி ஒரு குரல் இருந்திருக்கலாம், எனக்குத் தெரியாது. தண்ணீர் கொண்டு வந்து கொடுத்தேன். “நன்றி, கோமதி” என்றது. விருந்தாளி போல.

போனை வாங்கி நானே எழுதினேன், ஏட்டி என்று. அமுக்கினேன்.

அது ‘ஏட்டுச் சுரைக்காய்’ என்று சொல்ல ஆரம்பித்துப் பாதியில் நிறுத்தியது போல இருந்தது. ஒவ்வொரு எழுத்தும் சரி, அதில் மனுசன் இல்லை. மறுபடி அமுக்கினேன். நெடிலைக் கூட்டி எழுதிப் பார்த்தேன், கேள்விக்குறி போட்டுப் பார்த்தேன், ஆச்சரியக்குறி போட்டுப் பார்த்தேன். இவர் என் கையைப் பிடித்துப் போனை வாங்கித் திண்டு மேல் கவிழ்த்து வைத்தார்.

ஆகஸ்ட் 28

பிரிசில்லா கம்பெனியில் கேட்டுச் சொன்னாள். “அந்த வார்த்தை நீங்க குடுத்ததுல ஒரு இடத்துல கூட இல்லியாம் அக்கா. ஒண்ணு ரெண்டு இருந்தா அனுப்புங்க, பாக்கலாம்.”

எப்படி இருக்கும்? ஒன்று விடாமல் நான்தான் பொறுக்கினேன். அசலை அழித்தவளும் நான்தான். பழைய கதைகளில் வெட்டியவளும் நான்தான். இவர் வாட்ஸப்பில் பேசி அனுப்புகிற ஆளில்லை. அடுத்த அறையில் இருக்கிற பெண்டாட்டியைக் கூப்பிடுவதை யார் பதிவு செய்து வைப்பார்கள்?

அழுதேன். ஆபரேஷன் அன்றைக்குக் கூட அழாதவள் மாவுச் சட்டியைக் கழுவிக்கொண்டு அழுதேன். ஆக்கங்கெட்டவள். சுத்தம் சுத்தம் என்று கழுவிக் கழுவி, குளிப்பாட்டிய தண்ணீரோடு பிள்ளையையும் ஊற்றிவிட்டேன்.

ஆகஸ்ட் 31

மைதீன் அண்ணனுக்கு மைக்கைத் திருப்பிக் கொடுத்துவிட்டு வந்து, லேப்டாப்பில் மிச்சம் இருப்பதை அழித்துக்கொண்டிருந்தேன். ‘குப்பை’ என்று ஒரு ஃபோல்டர். நான் போட்ட பெயர்தான். வெறும் அறையின் சத்தத்தை, நல்லது கெட்டது என்று பார்க்காமல், எல்லாம் அதற்குள் போட்டு வைத்திருக்கிறேன், கழிப்பதற்குக் காட்ட வேண்டும் என்று. கதைகளை அழித்தவள் இதை அழிக்க மறந்திருக்கிறேன்.

ஒன்றைத் திறந்தேன். ஃபேன் ஓடுகிறது. தூரத்தில் கிரைண்டர்.

“ஏட்டி, ஃபேன இன்னும் அமத்தலியே.”

அடுத்தது.

“ஏட்டி, மூச்சு விடலாமா?”

அடுத்தது. நாற்காலி இழுபடுகிறது, குக்கர் விசில். “ஏட்டி, பருப்பு கொழையுது பாரு. போ, நான் பேசாம இருக்கேன்.”

ஒவ்வொன்றிலும் இருந்தார். பேசாதே என்று நான் வைத்த இடத்தில் எல்லாம் பேசியிருந்தார். கரகரப்பு, செருமல், வேர்வையைத் துடைக்கிற சத்தம், நான் ‘ச்சு, பேசாதீங்க’ என்று சீறுவது, எல்லாம் அப்படியே. பின்னால் ஒரு நிழல் விழுந்ததோ என்று திரும்பினேன், யாரும் இல்லை.

பிரிசில்லாவுக்கு அனுப்பவில்லை. அனுப்பினால் அந்தக் கம்பெனிக்காரர்கள் முதலில் கேட்பது இரைச்சலைக் கழிக்கலாமா என்றுதான்.

செப்டம்பர் 3

மத்தியானம். சொதிக்குத் தேங்காய்ப்பால் ஊற்றிக் கிண்டிக்கொண்டிருந்தேன். பால் திரிந்துவிடக் கூடாது, கண்ணை எடுக்க முடியாது. சொர்ணம் அக்கா கிரைண்டர் ஓடுகிறது. ரோட்டில் பஸ்.

“ஏட்டி.”

“என்னங்க? வாரேன், செத்த பொறுக்க மாட்டீங்களா? ஒரு வேல முடியிறதுக்குள்ள ஒம்பது தடவ கூப்பிட்டாவணும்!” என்று கத்தினேன். கத்தி, கரண்டியை வைத்து, கையை முந்தானையில் துடைத்து, நிலைப்படி தாண்டிய பிறகுதான் எனக்கு உறைத்தது.

கட்டிலில் உட்கார்ந்திருந்தார். கையில் போன். லேப்டாப் திறந்து கிடந்தது. எப்போது எடுத்தார், எப்படி வெட்டினார் தெரியவில்லை. அவர் வெட்டியிருந்தது நான் வெட்டியதற்கு நேர் எதிர். மீதியை எல்லாம் எறிந்துவிட்டு, அந்த ஒரு சொல்லை மட்டும் வைத்திருந்தார்.

என்ன வேண்டும் என்றேன். ஃபேனைக் காட்டினார். போட்டுவிட்டேன்.

திரும்பி அடுப்படிக்கு நடந்தேன். மறுபடி அமுக்கினார். அதே ஏட்டி. பின்னால் அதே பழைய ஃபேன், அதே கிரைண்டர், ஒரு மயிரிழை மாறாமல். முன்னால் இவருக்குக் கோபத்துக்கு ஒரு ஏட்டி, பசிக்கு ஒரு ஏட்டி, ராத்திரி இருட்டில் மெதுவாக ஒரு ஏட்டி உண்டு. இனிமேல் எல்லாவற்றுக்கும் இது ஒன்றுதான். செத்தாலும் இதுதான்.

திரும்பவில்லை. முகத்தைப் பார்த்திருந்தால் அழுதிருப்பேன்.

“கேட்டுச்சி, கேட்டுச்சி. சொதி திரியுது” என்றேன்.

திரிந்துதான் போயிருந்தது. இரண்டு பேரும் அதையே சாப்பிட்டோம்.